தினமும் குவைத் போன மாப்பிள்ளை

காலை ஒன்பது மணி இருக்கும். என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை ஊற்றும்போது அவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சூட்கேஸ் தொம்மென்று வந்து இறங்கியது.

கொண்டுவந்து வைத்தவர் என் அண்ணன் ஹாஜா. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தலையில் தொப்பி. சட்டையில் ஒரு பித்தானை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார். மற்றபடி வெளியூர் கிளம்புகிற ஆளின் கோலம்தான்.

"மாப்ள, லீவு முடிஞ்சிருச்சு. கௌம்புங்க. பஸ் வந்துரும்."

என் வீட்டுக்காரர் குவைத் வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஊர் திரும்பி இருபது நாள்தான் ஆகியிருந்தது.

"இல்ல மச்சான். நான் இனிமே போவப்போறதில்ல. இங்கதான் இருப்பேன்."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் கூட்டிவந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார்.

"ஜொகரா, இவருக்கு வேல போயிருச்சா?"

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இடியாப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். பாவம், அவர் வந்துபோன லீவையெல்லாம் ஒட்டவைத்தாலும் இந்த வீட்டில் இருந்தது இரண்டு வருடம் தேறாது. அண்ணன் கணக்கில் அவர் விருந்தாளி. விருந்தாளி என்றால் கிளம்ப வேண்டும்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். அதன்மேல் மறதி நோயும் வந்து சேர்ந்திருந்தது. அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா, எங்காவது கொண்டுபோய் விட வேண்டியிருக்குமா என்பதுதான் அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே கவலை.

போன வாரம் எங்கள் தெருவுக்கு முதல் டெலிபோன் வந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் வீட்டுக்காரர், "எல்லாரும் வர்றாங்க, என்னைய மட்டும் காணோமே" என்று குறைபட்டுக்கொண்டார். இந்த வாரம் அவருக்கு நல்ல இடம் ஒதுக்கியிருக்கிறேன். படித்துவிட்டு எழுதாமலே இருந்திருக்கலாம் என்று சொல்வார்.

இரவலுக்கு ஓர் ஆண்பிள்ளை

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் ஒரு காலத்தில் ஆம்பிளைகளே கிடையாது. மீசை அரும்பினால் பாஸ்போர்ட் எடுத்துவிடுவார்கள். முதலில் சிங்கப்பூர், மலேசியா. பிறகு சவூதி, துபாய், குவைத். வெளிநாட்டுக்குப் போவதைச் சபர் போவது என்போம். சபர் போனவரிடமிருந்து கடிதம் வரும், பேசிப் பதிந்த கேசட் வரும், கோடாலித் தைலம் வரும், ஜப்பான் ஜார்ஜெட் வரும். ஆள் மட்டும் வரமாட்டார்.

ஆனால் வீட்டுப் பெண் துணையில்லாமல் படி இறங்கக் கூடாது என்ற சட்டத்தைப் போட்டதும் அதே ஆம்பிளைகள்தான். சட்டத்தைப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். பல் பிடுங்க மன்னார்குடி போவதற்கும் துணை வேண்டும், துணிக்குத் தஞ்சாவூர் போவதற்கும் துணை வேண்டும். துணைக்கு எங்கே போவது?

எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

எதிர்வீட்டு மைமூன் அக்கா இட்லிப் பானை கேட்கிற மாதிரியே கேட்பார். "ஜொகரா, நாளைக்கு அண்ணனைக் குடேன். சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டாந்துர்றேன்." இப்படி அண்ணன் தெரு முழுக்க இரவல் போனார்.

இந்த வேலையை அவர் சாதாரணமாக நினைத்ததில்லை. முதல் நாளே சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லுவார். பஸ்ஸில் பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்து, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, முழங்காலை அகட்டி வைத்துக்கொள்வார். யாராவது ஆள் வந்து சாய்ந்து நின்றால், நாக்கு கொஞ்சம் புரளும் என்றாலும் குரல் மட்டும் கணீரென்று வரும். "தள்ளி நில்லுங்க பாய். பொம்பள இருக்காங்க." ஆறடி உயர ஆட்களெல்லாம் அவருக்குத் தள்ளி நின்றிருக்கிறார்கள்.

கூலி, பஸ் ஸ்டாண்டில் ஒரு ரோஸ்மில்க். மைமூன் அக்கா ஒரு தடவை சிக்கனமாக டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் வந்து கேட்டபோது அண்ணன், "எனக்கு வேல இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பையன் வீட்டுக்கு

எங்கள் குடும்பத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பெண் எங்கும் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் வருவார். எனக்கு மாப்பிள்ளை பேச வந்தபோது அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அண்ணனைப் பார்த்துக்கொண்டே இழுத்தாராம். "வீடு பொண்ணுக்கு. சரி. இந்தப் பையன்?"

"பையன் வீட்டுக்கு" என்றார் என்னைப் பெற்ற அத்தா.

அதோடு பேச்சு முடிந்தது. என் மாப்பிள்ளைக்கு வீட்டோடு ஒரு மச்சானும் சேர்ந்து வந்தார். நிக்காஹ் முடிந்து மூன்றாவது மாதம் சபர் போகிறவருக்கு, வாசலில் ஓர் ஆள் இருப்பது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

அண்ணனுக்கு என்ன என்று அந்தக் காலத்தில் யாரும் பேர் வைத்துச் சொன்னதில்லை. நடக்க நாளானது, பேச நாளானது. பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்றார்கள். அம்மா வீட்டிலேயே ஓதிக்கொடுத்து குர்ஆனில் நாலு சூரா மனப்பாடம் ஆக்கினார். ஊரில் அவரை அப்பாவி என்பார்கள். நோன்புக் கஞ்சியில் என் கிண்ணத்துக் கறித்துண்டு எப்படி அவர் கிண்ணத்துக்குப் போகும் என்று தெரிந்த நான் அதை ஒப்புக்கொண்டதே இல்லை.

டாக்டர் கேட்ட கேள்வி

மறதி முதலில் ரோஸ்மில்க்கில்தான் தெரிந்தது. குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ரோஸ்மில்க் வாங்கித் தரலியே" என்பார். கள்ளத்தனம் என்று நினைத்து நாங்கள் சிரித்தோம். அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

பிறகு செருப்பு ஃபிரிட்ஜுக்குள் போனது. ஓதும்போது இரண்டாவது வரியில் நின்று என் முகத்தைப் பார்த்தார். ஒரு நாள் மைமூன் அக்காவை மன்னார்குடியில் விட்டுவிட்டு அவர் மட்டும் பஸ் ஏறி வந்துவிட்டார். அக்கா தனியாக வந்து சேர்ந்து, "ஒங்க அண்ணன் என்னைய அனாதையா விட்டுட்டாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இப்படிப் பிறந்தவர்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வந்துவிடும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று ஒரு பேர் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"இவ்ளோ வருஷம் இவர யாரும்மா பாத்துக்கிட்டது?" என்று கேட்டார்.

"அவருதான் சார் எங்களப் பாத்துக்கிட்டாரு" என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அவரிடம், "தள்ளி ஒக்காருங்க. பொம்பள இருக்காங்க" என்றார்.

பூட்டு

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். சூட்கேஸ் விவகாரம் நடந்து ஒரு மாதத்துக்குள் அண்ணன் காணாமல் போனார்.

ஐப்பசி மழை. ஆற்றிலும் வாய்க்காலிலும் கரை மட்டத்துக்குத் தண்ணீர் ஓடிய நேரம். தெருவில் இருந்த ஸ்கூட்டர் அத்தனையும் தேடக் கிளம்பியது. மத்தியானம் ஒரு போன். பஸ் ஏறிப் போய் வலங்கைமான் பக்கத்தில் வாய்க்கால் மதகுமேல் உட்கார்ந்திருந்தவரைக் களை பறிக்க வந்த பெண்கள் பார்த்துப் பிடித்து வைத்திருந்தார்கள். சட்டைப் பைக்குள் நான் தைத்துவிட்ட நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் போனபோதும் அவர் மதகைவிட்டு எழுந்திருக்கவில்லை. "ஒரு பொம்பளையாளக் கூட்டிட்டு வந்தேன். காணோம். தண்ணிக்குள்ள போயிட்டாங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் அவருக்குத் தன் பொறுப்பில் வந்த பெண்ணைத் தொலைத்துவிட்ட பயம். களை பறிக்கிற பெண்களை ஒருத்தி ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வாசல் கிரில்லுக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கிவந்தார். கூடவே திருச்சிப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பற்றிய வழவழப்பான தாள். "நர்ஸெல்லாம் இருக்காங்களாம். தோட்டம் இருக்காம்" என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்தத் தண்ணீரைப் பார்த்து நானும்தான் பயந்துவிட்டேன்.

அண்ணன் மூன்று நாள் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். "கொஞ்சம் தெறந்து விடுங்க. தொணைக்குப் போவணும். காத்துக்கிட்டு இருப்பாங்க." சோறு இறங்கவில்லை. ரோஸ்மில்க் வாங்கிவந்து கொடுத்தேன். "வேல செய்யாம குடிக்கக் கூடாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான்காம் நாள் மைமூன் அக்கா எதிர்வீட்டிலிருந்து முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து கிரில்லுக்கு வெளியே நின்றார்.

"ஜொகரா, அண்ணனக் குடு. எனக்குக் கடைத்தெருவுக்குத் தொணை வேணும்."

அந்த மைமூன் அக்கா அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தனியாக ரயில் ஏறிச் சென்னை போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தவர். நான் பூட்டைத் திறந்தேன்.

முறை வைத்துக்கொண்டோம்

அதற்குப் பிறகு வாய்க்கால் தண்ணீருக்கு வயல்காரர்கள் முறை வைப்பது போலத் தெருப் பெண்கள் அண்ணனுக்கு முறை வைத்தார்கள். காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி. "அண்ணே, போஸ்டாபீஸ் போவணும், தொணைக்கு வாங்க." ஸ்கூட்டியில் பறக்கிற பெண்களெல்லாம் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அவருக்குப் பின்னால் நடந்தார்கள். அப்படி ஒரு அடக்கத்தை அவர்கள் மாமியார்கள்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன் தேறினார். சாப்பிட்டார். ஒரு நாள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து, "இன்னைக்கு என் முறை" என்று வாசலில் சண்டை போட்டார்கள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சண்ட போடாதீங்க. நாளைக்கு வர்றேன்" என்று ஒருத்தியைச் சமாதானம் செய்து அனுப்பினார்.

சாயங்காலம்தான் சிக்கல். அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்கு வீட்டு வேலை. அந்த முறை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

"வாங்க மச்சான், காலாற நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டார். அண்ணன் நகரவில்லை. சும்மா நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. யாரையாவது எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உள்ளே போய் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சாயங்கால விமானம்

அப்படித்தான் என் வீட்டுக்காரர் தினமும் குவைத் போக ஆரம்பித்தார்.

காலி சூட்கேஸோடு இருவரும் பஸ் ஸ்டாண்ட் போவார்கள். டீக்கடையில் ஆட்கள், "என்ன பாய், இன்னைக்கும் குவைத்தா? நேத்து போனது என்னாச்சு?" என்பார்கள். முதல் வாரம் அவர் காது மடல் சிவந்தே இருந்தது. அண்ணன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கையைப் பிடித்து ஸலாம் சொல்லி, பஸ் திரும்பும்வரை நிற்பார். இவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் பின்தெரு வழியாக நடந்து வருவார். அதற்குள் நான் பஸ் ஸ்டாண்ட் மூலையிலிருந்து போய், "அண்ணே, என்னைய வீட்டுல கொண்டுபோய் விடுங்க" என்பேன். என்னைப் பத்திரமாகக் கூட்டிவருவார்.

நாங்கள் வந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் குரல் கேட்கும். "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்!"

"மாப்ள! எப்ப வந்தீங்க? எளச்சுப் போயிட்டீங்களே!"

அண்ணன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். கண்ணெல்லாம் நிறைந்துவிடும். பிறகு சூட்கேஸைத் திறந்து என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று பார்ப்பார். அதனால் தினமும் நாலு மிட்டாய் வைத்து மூட வேண்டியிருந்தது. ஒரு நாள் நான் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முன்னால் கண்ணாடி பார்த்து அத்தர் பூசிக்கொண்டிருக்கிறார். கேலி செய்தேன். "சபர்லேருந்து வர்றவன் மணக்க வேணாமா?" என்றார்.

பல மாதம் இப்படிப் போனது. அண்ணன் நடை சுருங்கியது. ஆட்களின் பேர் ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசியில் என் முறையும் வந்தது. ஒரு காலையில் டீயை வாங்கிக்கொண்டு, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்றார். "மைமூன் அக்காவுக்கு எதிர்வீடு" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதேன்.

அந்த வாரம்தான் குவைத்திலிருந்து உண்மையாகவே அழைப்பு வந்தது. பழைய கம்பெனி. சூப்பர்வைசர் வேலை, இரண்டே வருடம். என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஊரில் சும்மா இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"நீ ஒருத்தியா மச்சான வச்சுச் சமாளிக்க முடியாது. ரெண்டு வருஷத்துக்கு அந்த இல்லத்துல விட்டுடலாம்" என்றார். வழவழப்பான தாள் மறுபடி மேசைக்கு வந்தது. "நாளைக்குக் காலையில பதில் சொல்லணும். நீ என்ன சொல்றே?"

இல்லத்தில் விட்டால், பூட்டி வைத்த அந்த மூன்று நாள் போல அண்ணன் சாப்பிடவே மாட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். நான், "உங்க இஷ்டம்" என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் கிளம்பும்போது சொல்கிற அதே பதில்தான்.

அன்றைக்குச் சாயங்காலமும் வழக்கம்போலக் கிளம்பினார்கள். அண்ணனால் வேகமாக நடக்க முடியவில்லை என்பதால் நானும் இரண்டடி பின்னால் போனேன். பஸ் வந்தது. என் வீட்டுக்காரர் சூட்கேஸை வாங்கக் கையை நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை.

"பஸ் போயிரும் மச்சான்."

"போவாதீங்க மாப்ள."

இத்தனை மாதத்தில் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. "ஏன் மச்சான்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நீங்க போனா ஜொகரா அழுவும். கதவச் சாத்திக்கிட்டு அழுவும். நான் வெளிய நிப்பேன்."

உண்மைதான். ஒவ்வொரு சபருக்கும் அண்ணன்தான் அவரை ஏற்றிவிட்டு வருவார். அண்ணன் வீடு திரும்பும்போது என் அறைக் கதவு சாத்தியிருக்கும். அழுதது வெளியே கேட்டது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கடிதத்தில் எப்போதும் 'நாங்கள் நலம்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அண்ணன் துணை தேடுகிற மாதிரி சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நான்தான் நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்களே சொல்லுங்க" என்றார் என்னிடம். "பாவம்தானே அது?"

"ஆமாங்க. பாவம்தான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "நெசமாவா?"

"எல்லாத் தடவையும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. மூன்று பேரும் நேர்த்தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தோம்.

மறுநாள் காலை போன் அடித்தது. என் வீட்டுக்காரர் எடுத்தார். நான் சமையலறையில் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மன்னிச்சுக்குங்க. வர்றதுக்கில்ல. வீட்டுல விடமாட்டேங்கறாங்க."

யார் விடவில்லை என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருப்பார்கள்.

"எங்க மச்சான்தான்" என்றார்.

என் பேரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, மன்னித்துவிட்டேன்.